அரைப்பேர் ஐயாவின் சல்வியாப் பெரட்டு

பூச்செடிக்கு அரைநாள் சம்பளத்தை வெட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலனுக்குப் போகலாம். நான் அவர் வீட்டில் தங்கியிருந்து அங்குள்ள பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். எனக்கே பலமுறை அரைப்பேர் விழுந்திருக்கிறது.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். அங்கே ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான கணக்கு. சொன்ன அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அதை முடிவு செய்கிறவர் மலையில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்கும் மேற்பார்வையாளர், கண்டாக்கு. எங்கள் ஐயா கண்டாக்காக இருந்த காலத்தில் தாராளமாக வழங்கியது அரைப்பேர் ஒன்றைத்தான். முகத்துக்கு நேரே ‘ஐயா’ என்பார்கள், முதுகு திரும்பியதும் ‘அரைப்பேர்’ என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கும் மாதா கோயில் சாமியாருக்கும் மட்டும் தெரியும்.

மனைவியின் தம்பிக்கே அரைப்பேர் போட்டவர். மச்சான் வீட்டுக்கு வந்து கண் கலங்கியபோது, “மச்சான்னு பாத்தா மல முழுக்க மச்சானாயிருவான், நான் என்னா செய்றது” என்றாராம். ஒரு திருநாளன்று ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டு சாமியார் தாமதமாக வந்து பூசை வைத்தார். பூசை முடிந்ததும் ஐயா நேரே போய், “சாமி, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு உங்களுக்கு அரைப்பேருதான்” என்று சொல்லிவிட்டு வந்தார். சாமியார் அதை இன்றைக்கும் பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று. வேலைக்கு வராத ஆளை வந்ததாகக் காட்டும் பொய்ப்பேரை அவர் ஆயுளில் போட்டதில்லை. தோட்டத்து மேலாளரான துரை சொல்லியும் போடவில்லை. அதனால்தான் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அவரைத் திட்டிக்கொண்டே மதித்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்து எல்லையில், ரோட்டோரமாக, ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார். அதில் ஒரு அறை எனக்கு. கினிகத்தேனையில் வெயிலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அக்கரப்பத்தனைக் குளிர் ஒத்துவரவில்லை. முதல் நாள் விடியலில் இரண்டு கம்பளிக்கு அடியில் சுருண்டு கிடந்தபோது வெளியே யாரோ ஆட்களை அதட்டும் சத்தம் கேட்டது.

“மொதல் வரிசை, தலைப்பு. முழுப்பேர். ரெண்டாவது, முழுப்பேர். மூணாவது, என்னா இது, ஒரு கதிருதான் பூத்திருக்கு? அரைப்பேர். நாளைக்கும் இப்படி நின்னா வேற மலைக்கு மாத்திருவேன்.”

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஆள் ஒருவரும் இல்லை. வாசல் படியிலிருந்து ரோட்டோரப் படலைக் கதவு வரை போகும் நடைபாதையின் இரண்டு பக்கமும் சல்வியாச் செடிகள் வரிசையாக நின்றன. கதிர் கதிராக, கண்ணைப் பறிக்கிற சிவப்புப் பூ. அவற்றின் முன்னால் கம்பளித் தொப்பியும் காக்கிக் காற்சட்டையும் மடக்கிய குடையுமாக ஐயா நின்று பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டு; வரிசையில் முதலில் நிற்பது ‘தலைப்பு’. ஓய்வு பெற்றதும் ஆள் இல்லாமல் போய்விட்டது, பெரட்டு மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. ஆகவே செடிகளை நிறுத்தியிருந்தார்.

உள்ளே அடுப்படியில் அவர் மனைவி பிலோமினாம்மா சிரித்துக்கொண்டிருந்தார். “பயந்துட்டீங்களா டீச்சர்? ஒண்ணுமில்ல. அவரு வேலைக்குப் போயிட்டு இப்ப வந்துருவாரு.”

அந்தச் செடிகள் உண்மையில் பிலோமினாம்மாவுடையவை. அழகுக்காக வைத்தவைதான், ஆனால் அதற்குள் அவை வேறொரு வேலைக்கு வந்துவிட்டன. அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அது கண்ணில் இறங்கிவிட்டது. வலது கண் போய்விட்டது, இடது கண் போய்க்கொண்டிருந்தது. கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்கில், மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். முகங்கள் அவருக்குப் புகையாகத் தெரிந்தன. பச்சையும் மஞ்சளும் மங்கிவிட்டன. பளீரென்ற சிவப்பு மட்டும் இன்னும் கண்ணுக்குப் பிடிபட்டது.

காலையில் பாண் ரொட்டி விற்கும் ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டில் வந்து நிற்கும். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு படியிறங்குவார். இரண்டு பக்கமும் சிவப்பு, நடுவில் வழி. யார் கையையும் பிடிக்காமல் படலை வரை நடந்துபோய், பாண் வாங்கி, ஓட்டோக்காரப் பையனிடம் ஊர்ச் செய்தி கேட்டுவிட்டுத் திரும்புவார். துணைக்குப் போன என்னை ஒருநாள் திருப்பி அனுப்பிவிட்டார். “நீங்க பள்ளிக்கொடத்துக்குக் கெளம்புங்க டீச்சர். இந்த ஒரு நடையாச்சும் என் நடையா இருக்கட்டும்.”

ஐயா பெரட்டில் அவ்வளவு கறாராக இருந்தது இதனால்தான் என்று எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. ஒரு செடி பூக்காவிட்டால் அந்த இடத்தில் அம்மாவுக்கு வழி இல்லை.

இப்படிப்பட்ட செடிகளுக்கு முதல் எதிரி யார் என்றால், ஐயாவின் விரல்கள். தேயிலைக்காரர்களின் கையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எதிரே ஒரு செடி நின்றால் அந்தக் கை சும்மா இருக்காது, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நுனியைக் கிள்ளிவிடும். ஐயா என்னோடு அரசியல் பேசுவார். மாணவர்களின் எதிர்காலம் பேசுவார். பேசி முடிக்கும்போது சல்வியா ஒன்று மொட்டையாகியிருக்கும். அது தனக்குத் தெரியாமல் நடந்தது என்று சத்தியம் செய்வார், அது உண்மையும்கூட. அம்மா படியில் உட்கார்ந்தபடி அவரைக் காவல் காப்பார். மங்கலான சிவப்புக்கு முன்னால் ஒரு நிழல் கையை நீட்டினால் போதும்.

“ஏங்க, கைய எடுங்க.”

“நான் ஒண்ணும் செய்யலயே பிலோமி.”

“அப்ப பைக்குள்ள என்னா?”

காக்கிக் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி சல்வியாக் கொழுந்து வெளியே வரும். பக்குவமான கொழுந்து, ஒரு முற்றல் இலைகூட இருக்காது. தொழில் சுத்தத்தில் குறை சொல்ல முடியாது.

மாவுப்பூச்சி வந்தது துரை பங்களாவிலிருந்து. அங்கே பூந்தோட்டத்தைத் திருத்தியபோது ஒரு செம்பருத்திக் கன்றைத் தூக்கி எறிந்தார்கள். பங்களாச் செடி என்ற பெருமையில் ஐயா அதைக் கொண்டுவந்து படலை ஓரம் நட்டார். கொஞ்ச நாளில் அதன் கணுக்களில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நான் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். பஞ்சு நகர்ந்தது.

“ஐயா, இது பூச்சி. நசுக்கிருவோமா?”

ஐயா யோசித்தார். “பங்களாவுல இருந்து வந்ததுங்க டீச்சர். எடுத்த எடுப்புல நசுக்கிற முடியாது. கொஞ்சம் பாப்போம்.”

பங்களாப் பூச்சி என்பதால் அதற்குக் கிடைத்த மரியாதைக் காலத்தில் அது தன் குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டு சல்வியாவுக்குக் குடிவந்துவிட்டது. இலைக்கு அடியிலும் கணுவிலும் வெள்ளை. இலை மேலே பிசுபிசுப்பு, அதன் மேல் கரி பூசியது போல ஒரு கறுப்பு. பூக்கதிர்கள் வளைந்து சுருங்கின. அப்போது ஐயா தேயிலைக்காரர் செய்யும் முதல் காரியத்தைச் செய்தார். செடி வாடினால் உரம் போட வேண்டும். தேயிலைக்குப் போடும் வெள்ளை உரத்தை அள்ளிப் போட்டார். சல்வியா தளதளவென்று மென்மையான துளிர் விட்டது. பூச்சிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். கல்யாணப் பந்திக்கு வந்த கூட்டம் போல உட்கார்ந்து சாப்பிட்டது.

நான் போனில் தேடிப் பார்த்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்க வேண்டும், சவர்க்காரத் தண்ணீர் அடிக்க வேண்டும், உரத்தை நிறுத்த வேண்டும் என்று வாசித்துக் காட்டினேன்.

“இத எழுதுனவன் அக்கரப்பத்தனைக்கு வந்திருக்கானா?” என்று கேட்டார்.

“வந்திருக்க மாட்டாருங்க.”

“அப்ப அரைப்பேரு. ஸ்பிரிட்டையும் சவுக்காரத்தையும் எடுத்துக்குவோம். உரத்தப் பத்தி அவன் பேச வேணாம்.”

டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருந்தது. ஊசி முதல் உழவு மருந்து வரை அங்கேதான். ஐயா அங்கே பஞ்சும் ஸ்பிரிட்டும் கேட்டதும் நானா கலவரப்பட்டுவிட்டார்.

“என்னா ஐயா, ஊட்டுல யாருக்கும் ஆப்பரேஷனா?”

“பூச்சி நானா, சல்வியாவுல.”

“பூச்சிக்கு மருந்து தெளிக்காம காயம் கட்டப் போறீங்களா? நல்ல மருந்து ஒண்ணு இருக்கு, ஒரே அடி.”

“அந்த மருந்துக் காத்து என் பொஞ்சாதி கண்ணுல படும். வேணாம். பஞ்சக் கட்டுங்க.”

ஐயா கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நானா பஞ்சைச் சுருட்டிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் ஊருக்குப் போவது நின்றது. என் கையில் பஞ்சு. முதல் வரிசை எனக்கு, இரண்டாம் வரிசை ஐயாவுக்கு. கணுக் கணுவாக, இலையைப் புரட்டிப் புரட்டித் துடைக்க வேண்டும். இடுப்பு விட்டுப் போகும். பட்டம் பெற்ற ஆசிரியை என்ற மரியாதையெல்லாம் அங்கே கிடையாது. நான் துடைத்த செடியை அவர் வந்து சோதிப்பார். இலைக்கு அடியில் ஒரு வெள்ளை தெரிந்தால் குடையால் சுட்டுவார். “இது என்னா, நீங்க வளக்குறதா? டீச்சருக்கு அரைப்பேரு.” நான் பஞ்சை எறிந்துவிட்டு உள்ளே போவேன். அம்மா தேத்தண்ணீர் தந்து சமாதானம் செய்வார். “எங்கிட்டயே சோத்துல உப்புக் கொறஞ்சா அரைப்பேரு போடுற மனுசன். விடுங்க டீச்சர்.”

பூச்சியைவிட ஐயாவுக்குக் கோபம் எறும்புகள் மேல். மாவுப்பூச்சியின் பிசுபிசுப்புத் தேனுக்காக எறும்புகள் அதை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தூக்கிப் போய்க் குடிவைக்கும். இதை அவர் ஒருநாள் முழுவதும் குந்தியிருந்து கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் என்னை அழைத்துக் காட்டினார். “பாத்தீங்களா, இதுங்கதான் கங்காணி. ஆள் கட்டிக்கிட்டு வருது. நம்ம பூட்டனையும் இப்படித்தான் இந்தியாவுலேருந்து இந்த மலைக்குக் கொண்டுவந்து விட்டானுங்க.” பிறகு சாம்பலை அள்ளிச் செடிகளைச் சுற்றிப் போட்டார்.

இவ்வளவும் செய்தும் பூச்சி குறையவில்லை. நாங்கள் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் துடைத்த இடத்தில் புதிதாக வெள்ளை பூத்தது. உரத்தையும் அவர் நிறுத்தவில்லை. பூக்கள் குறைய அம்மாவின் நடை தடுமாறத் தொடங்கியது. ஒருநாள் நடுவழியில் நின்றுவிட்டார். முன்னால் சிவப்பு இல்லை. பாண் ஓட்டோ பாட்டுப் பாடியபடி காத்திருந்தது. ஐயா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். அம்மா பிடித்த கையை உதறவில்லை, ஆனால் முகம் சுருங்கிவிட்டது. அதை ஐயாவும் பார்த்தார்.

அன்று பின்னேரம் அவர் என்னிடம் வந்து ஒரு முடிவைச் சொன்னார். “கவ்வாத்து.”

தேயிலைக்கு எந்த வருத்தம் வந்தாலும் தோட்டத்துக்காரர் கடைசியாகச் செய்வது கவ்வாத்து. கத்தியை எடுத்து மரத்தை அடியோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் புதுத் துளிர் விட்டு ஜோராகக் கிளம்பிவிடும். சல்வியாவையும் அப்படி வெட்டினால் பூச்சி ஒழிந்து புதிதாகப் பூக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு முழுத் தப்பும் இல்லை. பூச்சி பிடித்த கொப்பை வெட்ட வேண்டும் என்றுதான் என் போனும் சொன்னது. ஆனால் அது ஒன்றிரண்டு கொப்பைச் சொன்னது. ஐயாவுக்கு ஒன்றிரண்டு என்ற வழக்கம் கிடையாது, மலை என்றால் மலை முழுவதும்.

அம்மா ஒன்றுதான் கேட்டார். “மறுபடி பூக்க எத்தன நாளாகுங்க?”

“ஒரு மாசம். அதுக்கு மேல போகாது. முன்னயவிடச் செவப்பா வரும் பிலோமி.”

“சரி, வெட்டுங்க. அதுவரைக்கும் பாத்துக்கிறேன்.”

அந்த ‘பாத்துக்கிறேன்’ என்ற வார்த்தை எனக்கு இன்றைக்கும் காதில் கிடக்கிறது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஐயா வெட்டினார். இரண்டு வரிசையும் ஒரே மட்டத்தில், மேசை விரித்தது போல. வெட்டிய பிறகுதான் நடைபாதை எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்தது. இடைக்காலத்துக்கு ஏற்பாடாகக் குச்சிகளை நட்டு அவற்றில் வீட்டிலிருந்த சிவப்புத் துணிகளையெல்லாம் கட்டினார். கோயில் திருநாள் தோரணத்தில் மிஞ்சியது, பழைய ஸ்வெட்டர், அம்மாவின் ஒரு பாவாடை, எனக்குச் சொல்லாமல் என் கைக்குட்டை.

மறுநாளே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஓட்டோவில் வந்து இறங்கினார். அவருடைய சங்கத்துக் கொடி வேறு நிறம்.

“ஐயா, ரிட்டயர் ஆனதுக்கப்பறம் கட்சி மாறிட்டீங்களாமே. ஊரே பேசுது. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“எந்தக் கட்சி?”

“இந்தச் செவப்புக் கொடியெல்லாம் பின்ன என்னா?”

ஐயா குச்சியில் கட்டியிருந்த பாவாடையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். “நல்லாப் பாருங்க. இதுல என்னா சின்னம் இருக்கு?”

தலைவர் அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தப் பக்கம் வரவில்லை. ஊர் சிரித்துத் தீர்த்தது. நானும் சிரித்தேன். துணிகள் மட்டும் பயன்படவில்லை. ஆனி மாத மழை இறங்கிவிட்டது. நனைந்த துணி கறுத்துவிடுகிறது, மூடுபனிக்குள் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து புகையாகிவிடுகிறது. அம்மா ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு படலை வரை போனார். பிறகு போகாமலே விட்டுவிட்டார். பாணை ஐயா வாங்கினார்.

ஒரு மாதம் கழித்துத் துளிர் வந்தது. பூச்சி உண்மையிலேயே குறைந்திருந்தது. நாங்கள் இருவரும் தினமும் மொட்டைத் தேடினோம். மொட்டு மட்டும் வரவில்லை. இரண்டாம் மாதமும் வரவில்லை. செடிகள் பச்சைப்பசேலென்று, தட்டையாக, அசல் தேயிலை போலவே நின்றன. மழைதான் காரணம் என்று நான் நினைத்தேன்.

காரணத்தை ஒரு மாலை கண்டோம். பள்ளிக்கூடத்தில் அன்று நடந்த ஒரு சண்டையை நான் செடிகளின் நடுவே நின்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை முடிந்தபோது ஐயா தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார். கை நிறையச் சல்வியாக் கொழுந்து. இரண்டு இலை, ஒரு மொட்டு.

“ஏங்க, கைய எடுங்க” என்று சொல்ல படியில் ஆள் இல்லை. அம்மா உள்ளே கட்டிலில் இருந்தார். அதற்கு முந்தின வாரம் கண்டிக்குப் போய் வந்திருந்தோம். இடது கண்ணும் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். சிவப்பும் போய்விட்டது.

“வாழ்நாள் பூரா தேயில பூக்காமப் பாத்துக்கிட்ட கைங்க டீச்சர் இது” என்றார். “தேயில பூத்தா கண்டாக்கு சரியில்லன்னு அர்த்தம். ஒரு மலையக்கூட நான் பூக்க விட்டதில்ல.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “அவ கடைசியாப் பாத்திருக்க வேண்டிய செவப்ப நாந்தாங்க வெட்டுனேன். வெட்டுனதோட விடாம, வந்ததையும் கிள்ளிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அவர் கையிலிருந்த கொழுந்தை நான் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் பெரட்டு நின்றுபோனது. அதிகாலை ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. முதல் நாள் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் சத்தத்துக்காக நான் விழித்துக்கொண்டு காத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா. அம்மாவும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பகல் முழுவதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

அப்புறம் ஒருநாள், பாண் ஓட்டோவின் பாட்டு தூரத்தில் கேட்ட நேரத்தில், வாசலில் பழைய அதட்டல் எழும்பியது.

“பிலோமி, பூத்திருச்சு. எந்திரிச்சு வா. மொதல் வரிசை, தலைப்பு, முழுப்பேர்.”

நான் பாயைவிட்டு எழுந்து ஓடினேன். படியில் அம்மா நின்றார், சேலை சரியாக, தலை வாரி. முதல் செடிக்குப் பக்கத்தில் ஐயா நின்றார். செடியில் பூவும் இல்லை, மொட்டும் இல்லை. மழையில் அழுகிப் பாதி இலை உதிர்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பார்த்த விதத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா குரல் வந்த பக்கம் அடி எடுத்து வைத்தார். ஐயா அடுத்த செடிக்கு நகர்ந்தார். “ரெண்டாவது, முழுப்பேர்.” அம்மா அங்கே வந்தார். “மூணாவது, ஏழு கதிரு, முழுப்பேர்.” கால் ஓரமாக விலகினால் எதிர்வரிசைக்குத் தாவி அங்கிருந்து ஒரு முழுப்பேர் போட்டார். ஒரு செடிக்கும் அரைப்பேர் இல்லை. இப்படியே குரலைப் பிடித்துக்கொண்டு, யார் கையையும் தொடாமல், அம்மா படலைக்குப் போய்ச் சேர்ந்தார். ஓட்டோக்காரப் பையன் பாட்டை நிறுத்திவிட்டான். அவன் கண்ணுக்கும் அந்த மொட்டைச் செடிகள் தெரிந்தன. அவனும் ஒன்றும் சொல்லாமல் பாணை நீட்டினான்.

அன்று தொடங்கி அது தினமும் நடந்தது. திரும்பி வரும்போது அம்மா என்னைக் கேட்பார். “நல்லாப் பூத்திருக்கா டீச்சர்?” நான், “ஆமாங்கம்மா, ரொம்பச் செவப்பா” என்பேன். பிள்ளைகளுக்கு உண்மை பேசப் படிப்பிக்கிறவள் பேசிய பேச்சு அது. அதற்காக நான் வருந்தவில்லை.

பிறகு எனக்கு ஹட்டனுக்கு இடமாற்றம் வந்தது. புறப்பட்ட நாளில் ஐயா ஒரு பெயின்ட் டின்னில் சல்வியாக் கொப்பு ஒன்றை வேர்பிடிக்க வைத்துத் தந்தார். “கைய வச்சிராதீங்க” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

போன வருடம் அவர் தவறிவிட்டார். ஒரு காலை, பெரட்டு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலியிலேயே. அடக்கத்துக்குத் தோட்டமே வந்திருந்தது. அவரிடம் அரைப்பேர் வாங்காத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். மச்சான்தான் முதல் ஆளாகச் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வத்தளையில் இருக்கும் மகள் அவரைக் கூட்டிப்போக சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தச் செடியில பூவே இல்லதானே டீச்சர்?” என்றார் அம்மா.

“எப்பலேருந்துங்கம்மா தெரியும்?”

“மொத நாளே தெரியும். சல்வியா பூத்தா தேன்சிட்டு வரும். விடிஞ்சதும் கீச்சு கீச்சுன்னு சண்ட போடும். ஒண்ணுகூட கத்தல.” என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். “துரைக்கே போடாத மனுசன். ஆயுசுல அவரு போட்ட பொய்ப்பேரு அதுதான். நான் எப்படிங்க அத வெட்டுறது?”

நான் அழுதேன். அவர் அழவில்லை.

“ஆனா சொல்லியிருக்கணும் டீச்சர். தெரியும்ங்க, எனக்கு அது ஒரு கொறையா இல்லங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொன்னா பெரட்ட நிப்பாட்டிருவாரேன்னு பயந்துட்டேன். அந்தச் சத்தத்த நம்பித்தான் எந்திரிச்சுக்கிட்டு இருந்தேன். அவரு பாவம், என்னைய ஏமாத்துறோமேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு.”

அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. நடைபாதையின் இரண்டு பக்கமும் லீக்ஸ் காய்கறி போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. நல்ல விளைச்சலாம்.

என் பெயின்ட் டின் ஹட்டனில் மாடிப்படி ஓரத்தில் இருக்கிறது. இங்கேயும் மாவுப்பூச்சி வந்துவிட்டது. விடிந்ததும் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக இறங்கி, இலையைப் புரட்டிப் புரட்டித் துடைக்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். ஒரு பூகூட இல்லை. கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று சத்தமாகவே முழுப்பேர் போட்டுவிட்டு வந்தேன்.